இ-சிம் எந்தப் படியில் நிற்கிறது? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

போனுக்குள்ளேயே இருக்கும் சிப்பில் இணையம் வழியாக இறக்கிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். அதில் சிக்னல் வரவில்லை என்றதும் பலருடைய கை நேராகப் போகும் இடம் ‘டெலீட் இ-சிம்’. அங்கே மட்டும் போகாதீர்கள். கம்பெனி அனுப்பும் க்யூஆர் கோடு பொதுவாக ஒரே தடவைதான் செல்லும். போனில் இறங்கிவிட்ட சிம்மை அழித்துவிட்டு அதே கோடை மறுபடி ஸ்கேன் செய்தால் போன் ஏற்காது. அதற்குள் பழைய பிளாஸ்டிக் சிம்மும் செயலிழந்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் தானாகச் சரியாகியிருக்க வேண்டியது, ஆதார் அட்டையும் கையுமாகக் கடை வாசலில் நிற்பதில் போய் முடியும்.

இந்தியாவில் ஏர்டெல், ஜியோ, வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் எண்ணைப் பிளாஸ்டிக் சிம்மிலிருந்து இ-சிம்முக்கு மாற்றும்போது வரும் சிக்கல்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேலை நடக்கும் வரிசை எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் விண்ணப்பம், அடுத்து உங்கள் சம்மதம், பிறகு கோடு வருவது, அதைப் போனில் இறக்குவது, கடைசியாக எண் பழைய சிம்மிலிருந்து புதியதற்கு மாறுவது. முதல் இரண்டும் கம்பெனியின் வாடிக்கையாளர் கணக்கில் நடப்பவை. இறக்கும் வேலை உங்கள் போனுக்கும் இ-சிம் சர்வருக்கும் இடையே இணையத்தில் நடக்கிறது. எண் மாறுவது மறுபடியும் கம்பெனியின் நெட்வொர்க்கில். அதனால் போனில் நீங்கள் பார்க்கும் அறிகுறி எந்தப் படியைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். எண் மாறாமல் நிற்கும்போது போனை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் ஒன்றும் நடக்காது. விண்ணப்பமே போய்ச் சேராதபோது வைஃபையை மாற்றிப் பயனில்லை.

போனில் ‘இ-சிம் சேர்’ என்ற வசதியே காணோம்

டயலரில் *#06# அடியுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்களோடு சேர்ந்து இஐடி என்ற 32 இலக்க எண்ணும் வந்தால் போனுக்குள் இ-சிம் சிப் இருக்கிறது என்று பொருள். சில ஆண்ட்ராய்டு போன்களில் அது அங்கே வராமல் ‘அபவுட் போன்’ பக்கத்தில் மட்டும் இருக்கும். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் அந்தப் போனில் இ-சிம் கிடையாது. எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது.

ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்தும், சாம்சங்கில் கேலக்ஸி எஸ்20 வரிசையிலிருந்தும் இந்த வசதி உண்டு. ஆனால் மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சீனாவில் விற்பதற்காகச் செய்த ஐபோன்களில் பல ஆண்டுகளாக இரண்டு பிளாஸ்டிக் சிம் போடத்தான் இடம் இருந்தது, இ-சிம் இல்லை. ஹாங்காங் மாடல்களில் பலவும் அப்படியே. செகண்ட் ஹேண்டில் வாங்கும் வெளிநாட்டுப் போன் இந்த ரகமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்று *#06# அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சிப் இருந்தும் சேர்க்க விடவில்லை என்றால் லாக் ஆன போனாக இருக்கலாம். அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன்கள் பெரும்பாலும் அங்குள்ள ஒரு கம்பெனிக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தில் ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இல்லாவிட்டால், வாங்கிக் கொடுத்தவர் அங்குள்ள கம்பெனியிடம் சொல்லித்தான் திறக்க முடியும். இங்கே எந்தக் கடையிலும் அதற்கு நம்பகமான வழி கிடையாது.

இப்போது இதற்கு நேர்மாறான சிக்கலும் வந்துவிட்டது. போனில் இ-சிம் மட்டும்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் சிம் போடத் தட்டே இல்லை. அமெரிக்க ஐபோன்கள் 14 முதலே அப்படி. ஐபோன் 17 வரிசையில் அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாட்டு மாடல்களுக்கும் தட்டு இல்லை. ஐபோன் ஏர் எந்த நாட்டில் வாங்கினாலும் இ-சிம் மட்டும்தான். வளைகுடாவிலிருந்து அண்ணனோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த புதுப் போனைப் பெட்டியைப் பிரித்து, சிம் போட ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: விண்ணப்ப எஸ்எம்எஸ்ஸைப் பிளாஸ்டிக் சிம் இருக்கும் பழைய போனிலிருந்து அனுப்ப வேண்டும். கோடை ஸ்கேன் செய்வது புதுப் போன். இஐடி கேட்டால் புதுப் போனின் இஐடி. இங்கேதான் நிறையப் பேர் பழைய போனின் எண்ணை அனுப்பிவிடுகிறார்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பினேன், பதிலே இல்லை

ஏர்டெல் என்றால் ஆங்கிலத்தில் இ-சிம் என்ற சொல்லை நடுவில் சிறுகோடு (-) இல்லாமல் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதி 121-க்கு அனுப்ப வேண்டும். வி-க்கும் இதே வடிவம்தான், எண் மட்டும் 199. ஜியோவின் முறை வேறு. ‘கெட்’ என்பதையும் ‘இசிம்’ என்பதையும் ஆங்கிலத்தில் ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு 32 இலக்க இஐடி, மறுபடி இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ. இதை 199-க்கு அனுப்ப வேண்டும். பிஎஸ்என்எல் 2025-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் துணையோடு இ-சிம்முக்கு வந்தது. அதற்குச் சேவை மையத்தில் போய்க் கேட்பதே நேர்வழி.

பதில் வராததற்கு முதல் சந்தேகம், எஸ்எம்எஸ் எந்த சிம்மிலிருந்து போனது என்பதில்தான். இரண்டு சிம் உள்ள போனில் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு சிம்மை எப்போதோ நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள். ஏர்டெல் எண்ணை மாற்ற நினைத்து ஜியோ சிம்மிலிருந்து 121-க்கு அனுப்பிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் வேலை நடக்காது. அனுப்பிய செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எந்த சிம் என்று பல போன்களில் தெரியும்.

அடுத்தது மின்னஞ்சல். அந்த எண்ணின் கணக்கில் மின்னஞ்சல் முகவரி பதிவாகவில்லை என்றால், அதை முதலில் பதிவு செய்யச் சொல்லிப் பதில் வரும். பலர் அந்தப் பதிலைப் படிக்காமலே அதே எஸ்எம்எஸ்ஸைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

ஜியோ வழியில் இலக்கப் பிழைதான் பெரிய வில்லன். 32 இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் அடிக்காதீர்கள். அபவுட் பக்கத்தில் அந்த எண்ணை அழுத்திப் பிடித்தால் காப்பி எடுக்கலாம். ஐபோனில் ஐஎம்இஐ எண் நடுநடுவே இடைவெளியோடு தெரியும். எஸ்எம்எஸ்ஸில் ஒட்டும்போது அந்த இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். சரியாகப் போனால் 19 இலக்க இ-சிம் எண் ஒன்று வரும். அது வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிதான். ‘சிம்’ என்பதோடு ஆங்கில எழுத்துகள் சி, எச், ஜி மூன்றையும் ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு அந்த 19 இலக்க எண்ணை எழுதி மறுபடி 199-க்கு அனுப்பினால்தான் மாற்றம் தொடங்கும்.

சம்மதம் கேட்டு வரும் அழைப்பு வரவே இல்லை

வந்திருக்கும், உங்கள் போன் தடுத்திருக்கும். தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதி, ஸ்பேம் தடுக்கும் செயலிகள், ‘டூ நாட் டிஸ்டர்ப்’ மூன்றையும் இந்த வேலை முடியும் வரை அணைத்து வையுங்கள். ஏர்டெலில் எஸ்எம்எஸ் அனுப்பியதும் வரும் கேள்விக்கு 60 விநாடிக்குள் 1 என்று பதில் அனுப்ப வேண்டும். நேரம் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதன் பிறகு சம்மதம் கேட்கும் அழைப்பு வரும். ஜியோவில் இரண்டு மணி நேரம் அளவில் இடைவெளி விட்டுச் செய்தி வரும். அதற்கு 183 எண்ணுக்கு 1 அனுப்பிய பிறகு, தானியங்கி அழைப்பு வந்து அந்த 19 இலக்க எண்ணைக் கேட்கும். அதைப் பார்த்து அடிக்க வசதியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து எண்ணைத் தேடுவதற்குள் அழைப்பு துண்டித்துப் போகும்.

கோடு வந்துவிட்டது, ஸ்கேன் ஆகவில்லை

மின்னஞ்சலில் கோடைக் காணோம் என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். கோடு இருப்பதும் அதே போனில், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போனில் என்பது பலருக்கு முட்டுக்கட்டை. வேறு போனிலோ லேப்டாப்பிலோ மின்னஞ்சலைத் திறந்து காட்டுவது எளிது. ஐஓஎஸ் 17.4 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள ஐபோனாக இருந்தால் மின்னஞ்சலில் உள்ள கோடின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் ‘ஆட் இ-சிம்’ வரும். கோடை வாட்ஸப் குடும்பக் குழுவில் போட்டு ‘யாராவது பிரிண்ட் எடுங்கப்பா’ என்று கேட்பது வேண்டாம். அந்தக் கோடு யார் போனில் முதலில் இறங்குகிறதோ, உங்கள் எண் அங்கே போகும்.

கேமரா பிடிக்கவே மாட்டேன் என்றால் கையால் எழுதும் வழி இருக்கிறது. க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். எல்பிஏ:1 என்று தொடங்கி, டாலர் குறி, சர்வர் முகவரி, மறுபடி டாலர் குறி, ஆக்டிவேஷன் கோடு என்ற வரிசையில் இருக்கும். ‘என்டர் டீட்டெய்ல்ஸ் மேனுவலி’ என்பதைத் தொட்டால் இந்த இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கும். எஸ்எம்-டிபி பிளஸ் என்ற கட்டத்தில் சர்வர் முகவரி, அடுத்ததில் ஆக்டிவேஷன் கோடு. டாலர் குறியைச் சேர்க்கக் கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு.

ஸ்கேன் ஆனது, ஆனால் சேர்க்க முடியவில்லை என்கிறது

இது இணையத்தின் பிரச்சினை. இ-சிம் இறங்க நல்ல வைஃபை வேண்டும். வீட்டில் இன்னொருவர் போனின் ஹாட்ஸ்பாட் போதும். விபிஎன் போட்டிருந்தால் அணையுங்கள். விளம்பரம் தடுக்க ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வைத்திருப்பவர்கள் அதையும் அணையுங்கள். அலுவலக வைஃபையில் சர்வர் முகவரியையே தடுத்திருக்கலாம், வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். போனின் தேதியும் நேரமும் ‘ஆட்டோமேடிக்’கில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் போன் நம்பாது, நம்பாவிட்டால் இறக்காது. மென்பொருள் அப்டேட் நிலுவையில் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

‘இந்தக் கோடு இனிச் செல்லாது’ என்ற பொருளில் செய்தி வந்தால் உடனே புதுக் கோடு கேட்க ஓடாதீர்கள். முதல் முயற்சியிலேயே சிம் இறங்கியிருக்கலாம், திரை மட்டும் பிழை காட்டியிருக்கலாம். ஐபோனில் மொபைல் சர்வீஸ் பக்கத்திலும், சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸுக்குள் இருக்கும் சிம் மேனேஜரிலும் பாருங்கள். அங்கே புதிய வரி ஒன்று இருந்தால் இறங்கிவிட்டது. அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால்தான் கோடு வீணானது, புதிதாகக் கேட்க வேண்டும்.

இ-சிம் இருக்கிறது, ‘நோ சர்வீஸ்’ காட்டுகிறது

அதிகம் பேர் பதறுவது இங்கேதான், அதிகம் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

பழைய பிளாஸ்டிக் சிம்மைப் பாருங்கள். அதில் இன்னும் சிக்னல் இருக்கிறதா? இருந்தால் எண் இன்னும் இடம் மாறவில்லை, கம்பெனி பக்கம் வேலை நிலுவையில் இருக்கிறது. உங்கள் போனில் எந்தக் குறையும் இல்லை. சிக்னல் உள்ள சிம் கையில் இருக்கும்வரை அழைப்பு வரும், பேசலாம். பதற்றத்துக்கு இடமில்லை. சம்மதப் படி முழுமையாக முடிந்ததா என்று மட்டும் பாருங்கள். ஜியோவில் அந்த 19 இலக்க எண்ணை அழைப்பில் தராமல் விட்டவர்கள் சரியாக இந்த நிலையில்தான் நிற்பார்கள்.

பழைய சிம்மில் சிக்னல் போய்விட்டது, இ-சிம்மில் இன்னும் வரவில்லை என்றால் அது நல்ல அறிகுறி. எண் கிளம்பிவிட்டது, புதிய இடத்தில் இன்னும் உட்காரவில்லை, அவ்வளவுதான். சில நிமிடங்களிலும் முடியலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் விமானப் பயன்முறையை ஒரு தடவை போட்டு எடுங்கள். போனை அணைத்து மறுபடி போடுங்கள். நெட்வொர்க் தேர்வு ‘ஆட்டோமேடிக்’கில் இருக்கட்டும். பழைய சிம்மைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்; செத்த சிம் உள்ளே இருந்தால் எந்த வரி எது என்று உங்களுக்கே குழம்பும். இதற்கு மேல் போனில் செய்ய எதுவும் இல்லை. டெலீட் இல்லை, ஃபேக்டரி ரீசெட் இல்லை.

இரண்டு மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் அதே கம்பெனியின் வேறொரு எண்ணிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்கள். ‘இ-சிம் வேலை செய்யவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வைத்துவிடுவார்கள். ‘புரொஃபைல் போனில் இறங்கிவிட்டது, பழைய சிம் டீஆக்டிவேட் ஆகிவிட்டது, புது ஐசிசிஐடி-யில் எண் ஆக்டிவ் ஆகியிருக்கிறதா பாருங்கள்’ என்று கேளுங்கள். ஐசிசிஐடி என்பது சிம்மின் சொந்த எண். அபவுட் பக்கத்தில் இருக்கும், இந்திய சிம்களுக்கு 8991 என்று தொடங்கும். அதைப் படித்துக் காட்டினால், அவர்கள் கணினியில் உங்கள் எண்ணுக்கு நேராக இருப்பதும் அதுவும் ஒன்றா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் வேறு என்றால் தவறு அவர்கள் பக்கம், அவர்கள்தான் திருத்த வேண்டும்.

இரண்டு பிளாஸ்டிக் சிம் போட்ட ஆண்ட்ராய்டு போனில் மூன்றாவதாக இ-சிம்மைச் சேர்த்தவர்களுக்கு வேறு காரணம். எத்தனை சிம் சேமித்து வைத்தாலும் ஒரே நேரத்தில் இரண்டுதான் வேலை செய்யும். சிம் மேனேஜரில் ஒன்றை அணைத்தால் இது எழும். ஐபோனில் எட்டு இ-சிம்களோ அதற்கு மேலுமோ சேமிக்கலாம், ஆனால் அங்கேயும் உயிரோடு இருப்பவை இரண்டுதான். இரண்டுமே இ-சிம்மாக இருக்க ஐபோன் 13 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

கால் வருகிறது, நெட் வரவில்லை

மொபைல் டேட்டாவுக்கு இன்னும் பழைய வரியே தேர்வாகியிருக்கும். இ-சிம்மை மாற்றித் தேர்ந்தெடுங்கள். அதுவும் சரியாக இருந்தால், கம்பெனியின் இணையத்தோடு போனை இணைக்கும் அமைப்பான ஏபிஎன் பெயரைப் பாருங்கள். ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், ஒட்டி எழுத வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஜியோவில் நெட் வந்து கால் மட்டும் போகவில்லை என்றால் வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி) அணைந்திருக்கலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, அதனால் வோல்ட்டி இல்லாமல் சாதாரண அழைப்பு போகாது.

எல்லாம் வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை

இது பழுதே இல்லை, சட்டம். சிம் மாறிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவு போட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாறினாலும் சிம் மாற்றம்தான். வேறொருவர் உங்கள் எண்ணைத் திருடி சிம் வாங்கினால், உங்கள் வங்கிக் கணக்கைக் காலி செய்வதற்குள் நீங்கள் விழித்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் தருவதுதான் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் இ-சிம் பற்றிச் சொல்லும் கடைக்காரர்கள் இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வது அபூர்வம். சொல்லாததால் மக்கள் ஓடிபி வரவில்லை என்று இ-சிம்மை அழித்து, புதிதாக வாங்கி, அடுத்த 24 மணி நேரத்தை அவர்களே தொடங்கி வைக்கிறார்கள்.

அந்த ஒரு நாளில் யுபிஐ செயலிகளைச் சீண்ட வேண்டாம். சிம் மாறியதைக் கண்டுகொண்டு செயலி எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். அந்தச் சரிபார்ப்பு உங்கள் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நடக்கும். எஸ்எம்எஸ்ஸே போகாத நாளில் அது தோற்றுக்கொண்டே இருக்கும். பலமுறை தோற்றால் சில செயலிகள் தற்காலிகமாகப் பூட்டியும் விடும். லாக் அவுட் செய்யாதீர்கள், செயலியை நீக்கி மறுபடி போடாதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் ஏடிஎம் கார்டும் இருக்கட்டும். தட்கல் டிக்கெட் எடுக்க வேண்டிய நாள், வீட்டுக் கடன் தவணை கட்டும் நாள், கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஆகியவற்றின் முந்தைய நாளில் இ-சிம் மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

24 மணி நேரம் கழித்து யுபிஐ சரிபார்க்கும்போது ‘சிம் 1, சிம் 2’ என்று கேட்கும். பழைய பழக்கத்தில் சிம் 1-ஐத் தொடாதீர்கள். இ-சிம் பல போன்களில் சிம் 2 என்ற பெயரில்தான் இருக்கும். வாட்ஸப்புக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. அதே போனில் அதே எண் என்றால் தன்பாட்டுக்கு ஓடும். ஐமெசேஜ் மட்டும் ‘வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்’ என்று நிற்கும். அது தன்னைப் பதிவு செய்ய வெளிநாட்டு எண்ணுக்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். ஒரு நாள் கழிந்தபின், பிரிபெய்டில் சர்வதேச எஸ்எம்எஸ்ஸுக்குப் போதுமான இருப்பு இருந்தால் அது தானாக எழும்.

கடுப்பில் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்றாலும் உடனே முடியாது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் போர்ட் செய்யும் யுபிசி எண் தரமாட்டார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை, திடீரென்று சிக்னல் போய்விட்டது

பக்கத்தில் உள்ளவருக்கு அதே கம்பெனியில் சிக்னல் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் முன்பு ‘கஸ்டமர் கேர்’ என்று ஒருவர் பேசி, 5ஜி அப்கிரேட் அல்லது கேஒய்சி என்று சொல்லி, ஒரு வரியை அனுப்பி அதை 121-க்கோ 199-க்கோ ஃபார்வர்ட் செய்யச் சொன்னாரா? அந்த வரியில் இருந்த மின்னஞ்சல் முகவரி அவருடையது. க்யூஆர் கோடு அவருக்குப் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய 1, நீங்கள் கொடுத்த சம்மதம், எல்லாம் முறைப்படி நடந்ததாகவே கம்பெனிக் கணினியில் பதிவாகியிருக்கும்.

இங்கே காத்திருக்கக் கூடாது. வேறு போனிலிருந்து முதலில் வங்கிக்குப் பேசி நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்துங்கள். அடுத்து சிம் கம்பெனிக்குப் பேசி எண்ணை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. மேலே சொன்ன 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை உங்களுக்கு உதவுவது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். ஆனால் குரல் அழைப்பில் வரும் ஓடிபி-க்கு அந்தத் தடை கிடையாது.

தொடர்புப் பெயர்கள் காணோம்

பிளாஸ்டிக் சிம்மிலேயே பெயர்களைச் சேமித்திருந்தால் அவை இ-சிம்முக்கு வராது. அந்தப் பழைய சிம்மை எறியாமல் வைத்திருந்தால் மறுபடி தட்டில் போட்டு, தொடர்புகள் செயலியில் ‘இம்போர்ட் ஃப்ரம் சிம்’ கொடுங்கள். நெட்வொர்க் இல்லாத சிம்மிலிருந்தும் பெயர்களை எடுக்கலாம். அப்பா, அம்மா போன்களில்தான் இது அதிகம் நடக்கிறது, அதனால் அவர்களுக்கு மாற்றும்போது பெயர்களை முதலிலேயே கூகுள் கணக்குக்கு ஏற்றிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன், இந்திய எண்ணை இ-சிம் ஆக்க முடியவில்லை

பெரும்பாலும் நடுவழியில் நின்றுபோகும். ரோமிங்கில் 121-க்கும் 199-க்கும் எஸ்எம்எஸ் போவதும், சம்மத அழைப்பு வந்து சேர்வதும் நிச்சயம் இல்லை. அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ தட்டில்லாத போன் வாங்கப் போகிறீர்கள், இங்குள்ள வங்கி ஓடிபி-க்காக இந்திய எண்ணும் வேண்டும் என்றால், ஊரில் இருக்கும்போதே இ-சிம் ஆக்கிவிடுங்கள். புறப்படும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு செய்தால் எஸ்எம்எஸ் தடையும் தீர்ந்து, யுபிஐ-யும் சரிபார்த்து, ரோமிங்கையும் திறந்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறலாம். போன் அங்கேதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்கிய பிறகு இ-சிம்மை அதற்கு மாற்ற மறுபடி இதே படிகள் உண்டு. அடுத்த விடுமுறை வரை பழைய போனையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்காக வாங்கும் டேட்டா இ-சிம் வேலை செய்யவில்லை என்றால் காரணம் அநேகமாக ஒன்றே: அந்த வரிக்கு ‘டேட்டா ரோமிங்’ ஆன் ஆகவில்லை. பில் எகிறும் என்ற பயத்தில் ரோமிங்கை எல்லோரும் அணைத்தே வைத்திருப்பார்கள். பயண சிம்முக்கு அது ஆனிலும், இந்திய சிம்முக்கு ஆஃபிலும் இருக்க வேண்டும். இப்படிப் பயண இ-சிம் விற்ற ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு செயலிகளும் 2024 ஜனவரியில் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. அதனால் இங்கே தேடிக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் போனில் குறை என்று நினைக்க வேண்டாம்.

போன் உடைந்துவிட்டது, சிம்மை எப்படிக் கழற்றுவது?

கழற்ற முடியாது. இ-சிம்மின் உண்மையான குறை இது ஒன்றுதான் என்பேன். சிக்னல் குறையும், பேட்டரி தீரும் என்பதெல்லாம் பேச்சு. ஆனால் கீழே விழுந்து திரை செத்த போனிலிருந்து சிம்மை எடுத்து இன்னொன்றில் போட்டு ஐந்து நிமிடத்தில் பேசுகிற வசதி இதில் இல்லை.

திரை ஓரளவு தெரிந்தால், அந்தப் போனிலிருந்தே விண்ணப்ப எஸ்எம்எஸ் அனுப்பிப் புதுப் போனுக்குக் கோடு வாங்குங்கள். சுத்தமாகப் போய்விட்டால் கம்பெனிக் கடைதான். அங்கே எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வர வேண்டும், ஆதாரோடு. அங்கேயே புகைப்படமோ கைரேகையோ எடுப்பார்கள். நம் ஊரில் இதுதான் பெரிய தடை. அம்மாவின் எண் அப்பா பெயரில், பையனின் எண் மாமா பெயரில், எப்போதோ பெட்டிக்கடையில் வாங்கிய எண் யார் பெயரில் என்றே தெரியாது. இ-சிம்முக்குப் போகும் முன் கம்பெனியின் செயலியில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவர் பெயர் என்றால், அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதுவரை பிளாஸ்டிக் சிம்மே போதும்.

போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பும் ரீசெட் செய்யும் முன்பும் ஒரு விஷயம். ஐபோனில் எல்லாவற்றையும் அழிக்கும்போது இ-சிம்மை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். ‘கீப் இ-சிம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ரீசெட் பக்கத்தில் இ-சிம்மை அழிக்கும் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சர்வீஸ் சென்டரில் போனின் மதர்போர்டையே மாற்றினால் இஐடி-யும் மாறிவிடும், உள்ளே இருந்த இ-சிம்மும் அதோடு போகும். போர்டு மாற்றுவார்களா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். மாற்றுவார்கள் என்றால், அதற்கு முன்பே எண்ணை வேறு போனுக்கோ பிளாஸ்டிக் சிம்முக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.